இல்லப் பூனையின் இடையும் எடையும்: ஓர் அளவியல் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

வளர்ப்புப் பூனை குண்டா, இல்லையா என்ற வினா தமிழ் இல்லங்களில் பெரும்பாலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பூனை ஹாலின் நடுவே நான்கு காலையும் பரப்பிக் கிடக்கும் வேளையில் எழுகிறது. "முடிதான் அப்படிக் காட்டுது" என்ற விடையோடு மாலைக் காப்பிக்கு முன் அடங்கிவிடுகிறது. நெடுங்காலமாகத் தீராதிருக்கும் இச்சிக்கலை எடையியல், நாடாவியல், கம்பியியல், நோக்கியல், தொடுவியல் ஆகிய ஐந்து துறைகளின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. பூனையின் பருமனை அறியக் கண் தகுதியற்ற கருவி என்பதும், பாசமுள்ள கண் அதனினும் தகுதியற்றது என்பதும், பத்து விரல்களே போதும் என்பதும் இதன் முடிவுகள். முடிவு தெரிந்துவிட்டதால் இவ்விடத்தில் நிறுத்த விரும்புவோர் நிறுத்தலாம். ஆய்வேடுகளை மதிப்பிடுவோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஆய்வு எல்லையும் மூலங்களும்

இவ்வாய்வின் எல்லை ஒரே ஒரு பூனை. நாட்டுப் பூனை, ஆண், மஞ்சள் வரி, வயது ஐந்து, கருத்தடை அறுவை செய்யப்பட்டது. இனி இது 'ஆ.பூ.' (ஆய்வுக்குரிய பூனை) எனச் சுட்டப்பெறும். வீட்டில் அதற்கு வேறு பெயர் உண்டு. அப்பெயரை உச்சரித்தால் எழுந்து வந்து சாப்பாடு கேட்கும் என்பதால் ஆய்வுக் காலம் முழுதும் அப்பெயர் விலக்கப்பட்டது.

முதன்மை ஆதாரம் ஆ.பூ.வே. துணைமை ஆதாரங்கள் நால்வர்: ஆய்வாளரின் தாயார் (இனி 'பாட்டி'), இல்லத்தரசி, பத்தாம் வகுப்பு படிக்கும் மகன், மாடி வீட்டு அக்கா. நால்வரும் முதன்மை ஆதாரத்துக்குத் தனித்தனியே உணவு வழங்கி வருகிறார்கள். ஒருவர் வழங்குவது மற்றவருக்குத் தெரியாது. நால்வர் வழங்குவதும் தெரிந்த ஒரே சாட்சி ஆ.பூ.; அது வாக்குமூலம் அளிக்க மறுத்துவிட்டது.

கருதுகோள்

ஆ.பூ. குண்டு.

இக்கருதுகோள் வாய்மொழியாக முன்வைக்கப்பட்டபோது பாட்டி, "வாயில்லா ஜீவனைப் போய்க் கண்ணு வைக்கிறியேடா!" என்று கடிந்துகொண்டார். அன்று மாலையே உப்பு, மிளகாய் சுற்றி அடுப்பில் போடப்பட்டது. மிளகாய் நெடி வரவில்லை. எனவே கண் பட்டது உண்மை என்று பாட்டியின் தரப்பில் நிறுவப்பட்டது. இதிலிருந்து எதிர்க் கருதுகோள் பெறப்பட்டது: ஆ.பூ. குண்டு இல்லை, குண்டாகவே இருந்தாலும் அதைச் சொல்லக் கூடாது.

முன்னாய்வுகள்

தமிழில் பூனை பற்றிய குறிப்புகளுக்குப் பஞ்சமில்லை. எடை பற்றிய குறிப்புகளுக்குத்தான் பஞ்சம். தொல்காப்பிய மரபியல் வெருகின் இளமைப் பெயராகக் குட்டி என்பதை ஏற்கிறது. பறழ் என்றாலும் குற்றமில்லை என்கிறது. ஆனால் ஒரு குட்டி எத்தனை கிலோவில் குட்டி என்னும் தகுதியை இழக்கிறது என்பதற்கு நூற்பா இல்லை. இவ்விடைவெளியைப் பயன்படுத்திக்கொண்டு பாட்டி ஐந்து வயது ஆ.பூ.வை இன்றும் "குட்டி இளைச்சுப் போச்சு" என்று குறிப்பிடுகிறார்.

கம்பர் தம் காப்பியத்தின் அவையடக்கத்தில், பாற்கடலை முழுதும் நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூனைக்குத் தம்மை ஒப்பிட்டுக்கொள்கிறார். உரையாசிரியர்கள் இதில் புலவரின் பணிவைக் கண்டார்கள். உணவியல் நோக்கில் பார்த்தால், தேவைக்கும் கொள்முதலுக்கும் இடையிலுள்ள பிளவைப் பூனையின் மேல் ஏற்றிச் சொன்ன ஆரம்பகாலச் சான்று இது. அக்கடல் கொழுப்பு நீக்கிய பாலா, முழுக் கொழுப்புப் பாலா என்பது பாடலில் இல்லாததால் கலோரிக் கணக்கு இங்கே தவிர்க்கப்படுகிறது.

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்றும் பகீரதன் தவம் என்றும் இரு பெயர் பெற்ற ஏழாம் நூற்றாண்டுப் பாறைச் சிற்பத்தில், பின்னங்கால்களில் நின்று முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்யும் பூனை ஒன்று இருக்கிறது. அதன் காலடியில் எலிகள். மேலே மெய்யாகவே தவம் செய்யும் முனிவரின் விலா எலும்புகளைச் சிற்பி துல்லியமாகச் செதுக்கியிருக்கிறான். விரதம் இருந்தவனை விலாவில் காட்ட வேண்டும் என்று பல்லவர் காலத்துச் சிற்பிக்குத் தெரிந்திருந்தது. ருத்திராட்சப் பூனையைப் பற்றிப் பேசும் நாம் அதன் இடுப்பைப் பற்றி இதுவரை பேசவில்லை. நாடாவோடு ஏறி அளந்து பார்க்கத் தொல்லியல் துறை அனுமதிக்காது என்பதால் அவ்வாய்வு நிலுவையில் உள்ளது.

தெனாலிராமன் கதை மறுமுனையில் நிற்கிறது. அரசர் ஆளுக்கொரு பூனையும் அதற்குப் பால் கொடுக்கப் பசுவும் தர, தெனாலிராமன் முதல் நாளே கொதிக்கக் கொதிக்கப் பாலை வைத்துப் பூனையைச் சுட்டுவிட்டான். அதன்பின் பாலைக் கண்டாலே ஓடிய அப்பூனை எலும்பும் தோலுமாக அவைக்கு வந்தது. உடல் எடைக் குறைப்புக்கு நம் மரபில் பதிவாகியுள்ள தெளிவான செய்முறை இது ஒன்றே. இது ஏன் பரிந்துரைக்கத் தக்கதன்று என்பது பின்னர் விளக்கப்படும்.

பாரதியார் வெள்ளைப் பூனை ஒன்று ஈன்ற குட்டிகளின் நிறங்களை ஒவ்வொன்றாகப் பதிவு செய்தார். நிறம் எதுவானாலும் எல்லாம் ஒன்றே என்பது அவர் கண்ட முடிவு. எடை எதுவானாலும் எல்லாம் ஒன்றே என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்லிக்கொண்டிருப்பது எம் இல்லத்தரசி.

மேலைநாட்டில் இத்துறை தாமதமாகத் தொடங்கினாலும் விரைவாக வளர்ந்தது. 1997இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் லாஃப்லாம், பூனைகளுக்கு 9 புள்ளி கொண்ட உடல்நிலை மதிப்பெண் முறையை வெளியிட்டார். 2000இல் இங்கிலாந்தின் வால்தம் ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஹாத்தோர்ன், பட்டர்விக் ஆகியோர் நாடாவால் அளந்தே பூனையின் கொழுப்புச் சதவீதத்தைக் கணிக்கும் வாய்பாட்டைத் தந்தனர். அவ்வாண்டு பட்டர்விக் எழுதிய கட்டுரையின் தலைப்பு, 'அந்தப் பூனை எவ்வளவு குண்டு?' என்பதே. இப்பொருளில் ஆய்வு செய்ய வெட்கப்பட வேண்டியதில்லை என்ற துணிவை இவ்வாய்வாளர் அத்தலைப்பிலிருந்து பெற்றார்.

உச்ச எல்லையாக ஒரு சான்று. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் வாழ்ந்த ஹிம்மி என்ற பூனை 1986இல் பத்து வயதில் இறந்தபோது அதன் எடை 21.3 கிலோ. நம் வீட்டுச் சமையல் சிலிண்டருக்குள் இருக்கும் எரிவாயுவின் எடை 14.2 கிலோதான். ஹிம்மியை ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் வைத்துத்தான் இடம் மாற்றினார்களாம். சாதனைக்காகப் பூனைகளைத் தின்னவைத்தே கெடுத்துவிடுவார்கள் என்று அஞ்சிய கின்னஸ் நிறுவனம் பின்னர் அப்பிரிவையே எடுத்துவிட்டது. "பார்த்தியா, நம்ம பூனை அதுல கால்வாசிதான்" என்று இல்லத்தரசி கூறியது தரவாகக் குறித்துக்கொள்ளப்பட்டது.

இயல் 1: எடையியல்

எடை பார்ப்பது எளிது என்பது பூனையைத் தராசில் வைத்துப் பார்க்காதவர்கள் பரப்பிய கருத்து. கிடைத்த தராசுகள் முறைப்படி பரிசீலிக்கப்பட்டன.

பழைய பேப்பர்க்காரரின் தராசு முதலில் நிராகரிக்கப்பட்டது. அத்தராசில் பத்து கிலோ செய்தித்தாளே ஏழு கிலோவாக மெலிந்துவிடும். எந்தப் பூனையும் அதில் குண்டாகாது. நகைக்கடைத் தராசு மில்லிகிராம் வரை துல்லியமானது. ஆ.பூ.வை அங்கே கொண்டுபோக இல்லத்தரசி மிகுந்த ஆர்வம் காட்டினார். ஆர்வத்தின் காரணம் பூனை அல்ல எனத் தெரிந்ததும் அத்திட்டம் கைவிடப்பட்டது. ரயில் நிலையத்தில் காசு போட்டால் எடையோடு ஜோசியமும் அச்சடித்த அட்டை தரும் எந்திரம் பரிசீலனைக்கு வந்தது. ஆ.பூ.வின் எதிர்காலம் இவ்வாய்வின் எல்லைக்குள் வராததால் அதுவும் விடப்பட்டது.

எஞ்சியது குளியலறைத் தராசு. செய்முறை: ஓர் ஆள் பூனையைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும், பிறகு பூனையில்லாமல் ஏற வேண்டும், முன்னதிலிருந்து பின்னதைக் கழிக்க வேண்டும். இல்லத்தரசி இச்சோதனைக்கு உடன்படவில்லை. பூனையில்லாமல் ஏறிய எடையையும் பதிவேட்டில் எழுத வேண்டியிருக்கும் என்பதே தடை. மகன் ஏறினான். முள் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் நின்றது.

இங்கே ஒரு கணக்கு தேவைப்படுகிறது. உகந்த எடையைவிட 10 முதல் 20 விழுக்காடு கூடினால் அது மிகை எடை. 20 விழுக்காட்டைத் தாண்டினால் உடற்பருமன் என்பது கால்நடை மருத்துவத்தில் வழங்கும் பொதுவான வரையறை. 4 கிலோ இருக்க வேண்டிய பூனைக்கு 400 கிராம் முதல் எல்லை. 800 கிராம் இரண்டாம் எல்லை. குளியலறைத் தராசின் முள் அரைக் கிலோ தள்ளி நின்றாலே ஒல்லிப் பூனை குண்டாகும். குண்டுப் பூனை குற்றமற்றதாகும். காய்கறிக்காரரிடம் 800 கிராமுக்கு யாரும் பேரம் பேசுவதில்லை. பூனையின் மேல் அது ஏறினால், 60 கிலோ மனிதர் மேல் 12 கிலோ ஏறியதற்குச் சமம்.

கைக்குழந்தைகளை எடை பார்க்கும் எந்திரத்தை ஒத்த மேசைத் தராசு கால்நடை மருத்துவரிடம் இருக்கும். ஆ.பூ. கூடையோடு அதில் வைக்கப்பட்டு, கூடையின் எடை கழிக்கப்பட்டது. 5.2 கிலோ.

ஆனால் எடை மட்டும் எதையும் நிறுவாது. பெரும்பாலான வீட்டுப் பூனைகள் மூன்றரை முதல் ஐந்து கிலோவுக்குள் அடங்கும் என்பது உண்மையே. எனினும் மெய்ன் கூன் இனத்து ஆண் பூனை 8 கிலோவிலும் கட்டுடலோடு இருக்கும். சிறிய சட்டகம் கொண்ட பெண் பூனைக்கு 4 கிலோவே சுமை. எனவே எடையை அப்பூனையின் சொந்த வரலாற்றோடு ஒப்பிட வேண்டும். வளர்ச்சி முடிந்து ஒரு வயதான காலத்தில் எவ்வளவு இருந்தது என்று மருத்துவர்கள் கேட்பது இதனால்தான். ஆ.பூ.வின் தடுப்பூசி அட்டையில் அந்த வயதில் 4.1 கிலோ என்று எழுதியிருந்தது. அட்டையை எடுத்துக் காட்டியதும் பாட்டி, "அப்ப அது சவலைப் பிள்ளைடா" என்றார்.

இயல் 2: நாடாவியல்

வால்தம் வாய்பாட்டுக்கு இரண்டே அளவுகள் வேண்டும். ஒன்று, ஒன்பதாம் விலா எலும்பின் மட்டத்தில் மார்புச் சுற்றளவு. மற்றொன்று, பின்னங்காலில் முழங்கால் சில்லின் நடுவிலிருந்து குதிகால் எலும்பின் முனை வரையுள்ள நீளம். இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவை 0.7062ஆல் வகுத்து, அதிலிருந்து கால் நீளத்தைக் கழித்து, வந்ததை 0.9156ஆல் வகுத்து, மறுபடியும் கால் நீளத்தைக் கழித்தால் உடற்கொழுப்பின் விழுக்காடு கிடைக்கும். 30க்கு மேல் போனால் பருமன்.

தையற்காரரின் நாடா கொண்டுவரப்பட்டது. அளவுகோலைப் பொருள் கடிக்கக் கூடாது என்பது அளவியலின் எழுதப்படாத விதி, ஆ.பூ. முதலில் அதை மீறியது. பிறகு நாடாவோடு மேசைக்கு அடியில் சென்றது. மகன் முன்புறத்தையும் ஆய்வாளர் பின்புறத்தையும் பொறுப்பேற்ற நிலையில் சுற்றளவு 41, கால் நீளம் 14 எனப் பதிவாயின. கணக்கு போட்டால் கொழுப்பு 34 விழுக்காடு. அச்சமயம் தெருவில் மீன்காரர் குரல் கொடுக்க, ஆ.பூ. நிமிர்ந்து உடலை நீட்டியது. சுற்றளவு 39 ஆனது. கொழுப்பு 31 விழுக்காட்டுக்கு இறங்கியது. ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்றரை விழுக்காடு வீதம் பிழை ஏறுகிறது. மூன்று விழுக்காடு கொழுப்பை ஒரு கூவலில் கரைத்த மீன்காரரின் பங்களிப்பு நன்றியுடன் பதிவு செய்யப்படுகிறது.

வாய்பாட்டின் ஆழமான சிக்கல் வேறு. பூனைக்கு விலா எலும்புகள் 13 இணை. ஒன்பதாவதைக் கண்டுபிடிக்க ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ண வேண்டும். எண்ண முடிந்தால் பூனை குண்டாக இருக்க வாய்ப்பில்லை. எண்ண முடியாவிட்டால், நாடா எதற்கு? தீர்ப்பு அப்போதே வந்துவிட்டது. கருவியைப் பொருத்தும் இடத்தைத் தேடுகையிலேயே விடை கிடைத்துவிடும் இந்நிலையை முன்னோர் கவனித்ததாகத் தெரியவில்லை.

இயல் 3: கம்பியியல்

தமிழ் வீடுகளின் ஜன்னல் கம்பி ஒரு நிலையான அளவுகோல். "கம்பிக்குள்ள போய்ட்டு வருதே, அது எப்படிக் குண்டாகும்?" என்ற வாதம் மாடி வீட்டு அக்காவால் முன்வைக்கப்பட்டது. வாதம் வலுவானதாகத் தோன்றினாலும் உடற்கூற்றியல் இதற்கு இடம் தரவில்லை.

மனிதரின் காறை எலும்பு தோள்பட்டையோடும் மார்பெலும்போடும் பூட்டப்பட்டது. ஆகவே தோளின் அகலத்தைக் குறைக்க நம்மால் ஆகாது. பூனையின் காறை எலும்பு சிறு துண்டாகத் தசைக்குள் கிடக்கிறது. வேறெந்த எலும்போடும் மூட்டுப் போடவில்லை. தலை நுழைந்த இடத்தில் தோளை ஒடுக்கி நுழைத்துவிடும். பின்னால் வரும் வயிற்றுக் கொழுப்போ மென்மையானது. பிதுங்கிப் பின்தங்கிப் பிறகு வந்து சேரும். எனவே கம்பிச் சோதனையில் தேறிய பூனை ஒல்லி என்று சொல்வதற்கில்லை. தேறாத பூனை குண்டு என்று மட்டும் சொல்லலாம். களப்பணியின்போது, காலையில் தடையின்றி வெளியேறிய ஆ.பூ., மாடி வீட்டு விருந்துக்குப் பின் அதே கம்பிக்கு வெளியே நின்று கதவைத் திறக்கச் சொல்லிக் கத்தியது. இது கதவுக்குரிய மரியாதையைப் பூனை அறிந்திருப்பதைக் காட்டுகிறது என்று அக்கா விளக்கினார்.

இயல் 4: நோக்கியல்

கண்ணால் பார்ப்பதற்கும் முறை உண்டு. பூனை நின்றுகொண்டிருக்கும்போது மேலிருந்து பார்த்தால் விலா முடியும் இடத்துக்குப் பின்னால் இடுப்பு சற்று உள்வாங்கியிருக்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் வயிறு பின்னங்காலை நோக்கி மேலேற வேண்டும். படுத்த பூனையைப் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது. படுத்தால் எந்தப் பூனையும் பரவும்.

நோக்கியலில் மூன்று சர்ச்சைகள். முதலாவது முடி. பாரசீகப் பூனையின் முடி இரண்டு கிலோவை ஒளித்துவைக்கும். ஆ.பூ.வுக்கு முடி அரை விரற்கடையே. ஆகவே இவ்வாதம் நம் வழக்குக்குப் பொருந்தாது.

இரண்டாவது தொங்கு தோல். பூனைகளின் அடிவயிற்றில், பின்னங்கால்களுக்கு முன்னால், தளர்ந்த தோல்மடிப்பு ஒன்று தொங்கும். ஒல்லிப் பூனைக்கும் உண்டு. சிங்கம், புலிகளிடமும் காணலாம். சண்டையில் அடிவயிற்றைக் காக்கவும், தாவும்போது உடல் நீளவும் அது உதவுகிறது என்பார்கள். அதைத் தொப்பை எனக் கருதிப் பூனையைப் பட்டினி போடுவது அநீதி. கொழுப்பைத் தொங்கு தோல் என்று சொல்லித் தப்பிப்பதும் அநீதியே. வேறுபாடு நடையில் தெரியும். வெறும் தோல் பூனை ஓடும்போது இருபுறமும் ஊசலாடும். பிடித்துப் பார்த்தால் விரல்களுக்கிடையே மெலிதாக இருக்கும். கொழுப்பு உருண்டு நிறைந்து, கனமாக அசையும். ஆ.பூ.வுக்கு இரண்டும் இருந்தன.

மூன்றாவது, குண்டு போலத் தெரியும் பிற நிலைகள். குண்டு என்று குடும்பம் ஒருமனதாகத் தீர்மானித்த பெண் பூனை, பீரோவுக்குள் பட்டுப்புடவை மேல் நான்கு குட்டி போட்ட வரலாறு எல்லாத் தெருவிலும் உண்டு. பூனைக்குச் சினைக்காலம் ஏறக்குறைய ஒன்பது வாரமே. குட்டிகளுக்கு வயிறு மட்டும் பானை போல உப்பி முதுகெலும்பு துருத்தினால் குடற்புழு இருக்கக்கூடும். வயது வந்த பூனைக்குத் திடீரென வயிறு பெருத்து உடல் மெலிந்தால் அது நீர் கோத்ததாக இருக்கலாம். இவை மூன்றுக்கும் ஆய்வாளர் தேவையில்லை, மருத்துவர் தேவை.

எல்லாவற்றுக்கும் மேலாக, பார்ப்பவர் யார் என்பது முக்கியம். வளர்ப்பவர்கள் தம் பூனையின் பருமனைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்பது கால்நடை மருத்துவ ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தென்பட்ட செய்தி. அடுத்த வீட்டுப் பூனையைப் பற்றிக் கேட்டால் அதே கண் சட்டெனத் தெளிந்துவிடுகிறது. பால்காரர் வீட்டுப் பூனை குண்டா என்று கேட்கப்பட்டபோது துணைமை ஆதாரங்கள் நால்வரும் ஒரே குரலில் ஆம் என்றனர்.

இயல் 5: தொடுவியல்

லாஃப்லாம் முறையில் 1 என்பது எலும்புக்கூடு, 9 என்பது உருண்டை, 5 உகந்தது. 5க்கு மேல் ஒவ்வொரு புள்ளிக்கும் உகந்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு கூடுதல் எனக் கொள்வர். இம்முறைக்குத் தராசு வேண்டாம், நாடா வேண்டாம், மின்சாரம் வேண்டாம். பூனை நிற்கும்போது பின்னாலிருந்து இரு உள்ளங்கைகளையும் விலாவின் இருபுறமும் வைத்து, விரல்களை முன்னும் பின்னும் மெல்ல ஓட்ட வேண்டும். அழுத்தக் கூடாது. தடவிக் கொடுப்பதாகப் பூனை நினைத்துக்கொள்ளும், இவ்வாய்வில் ஆ.பூ. முழு ஒத்துழைப்பு அளித்த ஒரே சோதனை இது.

உணர்ந்ததை எதனோடு ஒப்பிடுவது? அதற்கும் கையே போதும். முஷ்டியை மடக்கி விரல் கணுக்களைத் தடவிப் பாருங்கள். விலா அவ்வளவு துருத்தினால் பூனை மெலிவு. கையை விரித்துப் புறங்கையின் எலும்புகளைத் தடவிப் பாருங்கள். மெல்லிய போர்வைக்குள் எலும்பு தெளிவாகத் தட்டுப்படுகிறதல்லவா, விலா அப்படி இருந்தால் சரி. கையைத் திருப்பி உள்ளங்கையில், விரல்களின் அடிப்பகுதியைத் தடவுங்கள். எலும்பைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. விலாவும் அப்படித் தேட வைத்தால் பூனை குண்டு.

ஆ.பூ.வின் விலாவைத் தேட வேண்டியிருந்தது. அழுத்தியபின் ஐந்தாறு கிடைத்தன. மேலிருந்து பார்க்க இடுப்பு இல்லை. விலாவும் இடுப்பும் ஒரே கோட்டில் போயின. முதுகின் பின்பகுதியில் பொடுகும் இருந்தது; குண்டுப் பூனையின் நாக்கு அங்கே எட்டாது. மதிப்பெண் 7. 4.1 கிலோவிலிருந்து 5.2 கிலோ என்பது 27 விழுக்காடு கூடுதல். இரண்டு புள்ளிக்கு 20 முதல் 30 விழுக்காடு என்ற கணக்கோடும், நாடா சொன்ன 34 விழுக்காட்டுக் கொழுப்போடும் இது ஒத்துப்போகிறது. மூன்று துறைகள் ஒரே இடத்தில் வந்து நின்றன. கருதுகோள் நிறுவப்பட்டது. பாட்டி மறுபடியும் உப்பு எடுக்கப் போனார்.

இயல் 6: காரணவியல்

1932இல் மாக்ஸ் கிளைபர் என்ற அறிஞர், விலங்குகளின் ஆற்றல் தேவை எடையின் முக்கால் அடுக்குக்கு இணங்க உயர்கிறது என்று காட்டினார். அதன் வழிவந்த கணக்கை வீட்டிலேயே போடலாம். பூனையின் எடையை மூன்று முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கி, இருமுறை வர்க்கமூலம் எடுத்து, 70ஆல் பெருக்க வேண்டும். 4 கிலோவுக்கு: 64, 8, 2.83, முடிவில் 198. ஓய்வு நிலையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கலோரி; கருத்தடை செய்து வீட்டோடு இருக்கும் பூனைக்கு இதைவிடச் சற்றே கூடுதல். அறுவைக்குப் பின் தேவை குறைகிறது, பசி கூடுகிறது. இவ்விரண்டும் எதிரெதிர்த் திசையில் போவதுதான் கதையின் தொடக்கம்.

பிறகு உணவுத் தணிக்கை நடத்தப்பட்டது. "எவ்வளவு போடுகிறீர்கள்?" என்ற வினாவுக்கு நால்வரும் "கொஞ்சம்தான்" என்று பதிலளித்தனர். அந்தக் கொஞ்சம் ஆளுக்கு ஆள் வேறுபட்டது. இல்லத்தரசியின் கொஞ்சம், கிண்ணத்தின் அடி மறையும்வரை கேட் ஃபுட். உலர் தீவனம் 100 கிராமுக்கு 350 முதல் 400 கலோரி தரும். பாக்கெட்டின் பின்புறம் அச்சிட்ட அளவு முழு நாளைக்கு உரியது. இவ்வீட்டில் அது வேளைக்கு உரியதாகப் பொருள்கொள்ளப்பட்டிருந்தது. பாட்டியின் கொஞ்சம், காலையும் மாலையும் பச்சை நிற ஆவின் பாக்கெட்டிலிருந்து அரைத் தம்ளர் பால். 100 மில்லிக்கு ஏறத்தாழ 70 கலோரி. அதுவே பூனையின் நாள் தேவையில் மூன்றில் ஒரு பங்கு. போதாததற்கு, வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடும். அக்காவின் கொஞ்சம், வறுத்த மீன் தலை. "அது வெறும் தலைதானே தம்பி, சாப்பாட்டுல சேருமா?" என்றார்.

மகனின் கொஞ்சம் ஐஸ்கிரீம். "அதுக்கு இனிப்புன்னா உயிர்ப்பா" என்பது அவன் தரப்பு. இவ்வாதம் 2005லேயே தகர்ந்துவிட்டது. இனிப்பை உணரும் ஏற்பிக்குரிய மரபணு ஒன்று பூனைக் குடும்பத்தில் செயலிழந்து கிடப்பதை ஃபிலடெல்ஃபியாவின் மோனெல் மைய ஆய்வாளர்கள் அவ்வாண்டில் கண்டறிந்தனர். சர்க்கரையும் தண்ணீரும் பூனைக்கு ஒன்றுதான். ஐஸ்கிரீமில் அது தேடுவது கொழுப்பை.

எதிர்வாதங்கள்

"அது பாட்டுக்கு சந்தோஷமா இருக்கு" என்பது வலிமையான எதிர்வாதம். ஆனால் பூனை வலியைக் காட்டிக்கொள்ளாத விலங்கு. பருத்த பூனைக்கு நீரிழிவும், மூட்டுத் தேய்வும், சிறுநீர்ப் பாதைக் கோளாறும் கூடுதலாக வருகின்றன. முன்பெல்லாம் பீரோ மேல் ஏறிய பூனை இப்போது சோபாவோடு நின்றுவிட்டால், அது பக்குவப்பட்டதாக நாம் எடுத்துக்கொள்கிறோம். அதன் முழங்கால் வேறு கருத்து வைத்திருக்கலாம்.

"நாளையிலிருந்து ஒரு வாய்கூடக் கிடையாது" என்று மகன் வேகமாக முன்வைத்த தீர்வு, எதிர்வாதத்தினும் ஆபத்தானது. குண்டுப் பூனை சில நாள் சாப்பிடாமல் இருந்தால், உடலில் சேர்ந்திருக்கும் கொழுப்பு ஈரலில் திரண்டு ஈரலையே செயலிழக்கச் செய்துவிடும், உயிரே போகக்கூடும். தெனாலிராமன் முறை தள்ளப்படுவது இதனால்தான். எடை வாரத்துக்கு அரை முதல் இரண்டு விழுக்காட்டுக்குள் இறங்குவதே பாதுகாப்பு. 5.2 கிலோ பூனைக்கு அது 26 கிராமுக்கும் 104 கிராமுக்கும் இடைப்பட்டது. ஆ.பூ. பழைய நிலைக்குத் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். ஏறியது ஒரே நாளில் அல்லவே.

முடிவுரையும் பரிந்துரைகளும்

ஆ.பூ. குண்டு. முடி காரணமன்று, தொங்கு தோல் காரணமன்று, கண்ணேறும் காரணமன்று. நான்கு பேரின் நான்கு கொஞ்சங்கள் ஒரே வயிற்றில் கூடியதே காரணம்.

வாசகர்கள் தம் இல்லப் பூனை குறித்துச் செய்ய வேண்டியவை இவை. மாதம் ஒருமுறை விலாவில் கைவைத்துப் பாருங்கள், புறங்கையோடு ஒப்பிடுங்கள். ஒரே தராசில் எடை பார்த்து, தேதியோடு குறித்து வையுங்கள். தேடியும் விலா கிடைக்காவிட்டால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். எவ்வளவு குறைப்பது, எப்படிக் குறைப்பது என்பதை அவர் சொல்லட்டும். நாள் முழுதுக்கும் உரிய தீவனத்தைக் காலையிலேயே அளந்து ஒரு டப்பாவில் வையுங்கள். யார் போட்டாலும் அதிலிருந்துதான் போட வேண்டும். டப்பா காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. மாடி வீட்டுக்கும் இத்தீர்மானத்தின் நகல் போக வேண்டும்.

ஆய்வுக் கட்டுரைகள் வழக்கமாக மேலாய்வு தேவை என்று முடியும். இப்பொருளில் மேலாய்வு தேவையில்லை; வீட்டுக்கு ஓர் அளவுக் கரண்டி வாங்கினால் போதும்.